விசைத்தறி ஷெட்டில் ஆட்களின் உடம்பும் மனசும் கெடாமல் இருக்க முதலாளி என்ன செய்யலாம்?

கேள்வி: சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் 24 தறி ஓட்டுகிறேன். இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து 14 பேர், மீட்டர் கூலி (நெய்த மீட்டருக்கு இவ்வளவு என்று). உடம்பு முடியவில்லை என்று அடிக்கடி நின்றுவிடுகிறார்கள், பாதிப்பேர் வருஷம் திரும்புவதற்குள் வேறு ஷெட்டுக்குப் போய்விடுகிறார்கள். யோகா வகுப்பு, ஏற்காடு டூர் என்று ஏற்பாடு செய்தால் பலன் இருக்குமா?

பதில்: டூர் கூட்டிப் போங்கள், நல்லதுதான். அன்றைக்குக் கூலியும் கொடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் பிரச்சினை மீட்டர் கூலியில் இருக்கிறது. தறி நின்றால் கூலி நிற்கும். தண்ணீர் குடிக்கப் போனாலும், பாத்ரூம் போனாலும், காய்ச்சலில் படுத்தாலும் நஷ்டம் தறிக்காரருக்குத்தான். அதனால் என்ன வசதி செய்து வைத்தாலும், அதைப் பயன்படுத்தும் நேரத்துக்குக் கூலி இல்லையென்றால் ஒருவரும் தொடமாட்டார்கள்.

எனவே முதல் செலவு, ஷிப்டுக்கு ஒரு மாற்று ஆள். எல்லாத் தறியும் ஓட்டத் தெரிந்தவர், நாள் சம்பளம். முறை போட்டு ஒவ்வொருவரையும் 10 நிமிஷம் வெளியே அனுப்பிவிட்டு அவர் தறியைப் பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் ஓடிய மீட்டர் தறிக்காரர் கணக்கில்தான் ஏறவேண்டும். ஷிப்டுக்கு ஏழு பேர் என்றால் ஒரு சுற்றுக்கு 70 நிமிஷம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று தாராளமாக வரும். மீதி நேரத்தில் அறுந்த இழை முடிவது, எண்ணெய் விடுவது என்று அவருக்கு வேலை இருக்கும்.

அடுத்தது காது. நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் ஓடம்) அடித்து ஓடும் தறி ஷெட்டில் 95 டெசிபல் சாதாரணம். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் பாதுகாப்பான அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். கணக்குப் பார்த்தால் 95-இல் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. ஓர் அடி இரண்டடி தள்ளி நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதென்றால் நிச்சயம் 85-ஐத் தாண்டிவிட்டது, சத்தம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதில் கொடுமை, முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சு ஒலிதான். சாதாரணப் பேச்சு கேட்பதால் யாருக்கும் தெரியாது. வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவது, ஷிப்ட் முடிந்து படுத்தால் காதுக்குள் ‘ஙொய்’ என்று இரைவது, இவைதான் ஆரம்பம். போன கேள்வி திரும்பாது.

பஞ்சு அடைத்துக்கொள்வதில் பிரயோஜனமே இல்லை. காதில் வைக்கும் நுரைச் செருகி வாங்கினால் எண்ணெய்க் கையால் உருட்டி ஒரே நாளில் அழுக்காகும், அப்புறம் காதில் புண். கயிறு கோத்த சிலிக்கான் செருகி வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு ஜோடி, தினமும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். மாட்டும்போது எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு செருக வேண்டும். சரியாக உட்கார்ந்தால் தன் குரலே உள்ளே கும்மென்று கேட்கும். அப்படிக் கேட்கவில்லையென்றால் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். கூடவே தேய்ந்த பிக்கர் (நாடாவைத் தட்டிவிடும் பாகம்), லூசான போல்ட் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள். தறிக்காலுக்கு அடியில் கனமான ரப்பர் வைத்தால் தரை அதிர்வும் குறையும். வேலைக்குச் சேரும்போது ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை காதுப் பரிசோதனை, செலவு உங்களுடையது.

சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஆளுக்கு 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தேவை. கேன் வாங்கி வைத்துவிட்டால் போதாது. பாத்ரூம் சுத்தமாக இல்லை, தாழ்ப்பாள் இல்லை என்றால் தார் சுற்றும் (ஊடை நூலைக் குச்சியில் சுற்றும்) பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல், தலைவலி என்று அவர்கள் லீவு போடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். தண்ணீர்ச் செலவும் பாத்ரூம் செலவும் ஒரே செலவென்று நினையுங்கள். கூரைக்கு வெள்ளை அடிப்பது, காற்றில் சுழலும் உருண்டை வெண்டிலேட்டர் வைப்பது எல்லாம் அதற்கு அடுத்து.

மனசைப் பற்றிச் சொல்வதானால், ஆட்கள் முதலாளியிடம் முன்பணமாக வாங்கும் அட்வான்ஸைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். பாக்கி எவ்வளவு என்று முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கும், ஆளுக்குத் தெரியாது. இரண்டு நோட்டு போடுங்கள், ஒன்று அவர் கையில். ஒவ்வொரு சம்பளத்திலும் எவ்வளவு பிடித்தது, எவ்வளவு மிச்சம் என்று இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்காதீர்கள், வட்டி போடாதீர்கள். நூல் வராமல் தறி நின்ற வாரத்தில் பிடித்தமே வேண்டாம். அட்வான்ஸைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். துணியில் குறை என்று செய்யும் ‘டேமேஜ்’ பிடித்தமும் மனசைக் கெடுப்பதுதான்: எந்தத் துணி, என்ன குறை என்று கண்ணால் காட்டாமல் பிடித்தால் மனசு வெந்துபோகும்.

14 பேர் இருப்பதால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு நீங்கள் 3.25 சதவீதம், அவர்கள் 0.75 சதவீதம். 15,000 கூலிக்கு உங்கள் பங்கு ஐந்நூறு ரூபாய்கூட வராது. உடம்பு முடியாமல் படுத்தால் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பல ஷெட்டில் பணத்தை மிச்சம் பிடிக்க வேலை நாளைக் குறைத்துக் காட்டுகிறார்கள். ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சேரவில்லையென்றால் அந்த 70 சதவீதம் கிடைக்காது. ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தனியார் சீட்டை வைத்துக்கொண்டு அலையக் கூடாது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் தொல்லைப் புகாருக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவும் கட்டாயம். தலைவர் பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர்.

மேஸ்திரியிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ஊடை (குறுக்கு நூல்) விட்டுப்போனால் தறியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய்ச் சொல்லட்டும், ஷெட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி வைய வேண்டாம். நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சைக் குறைத்தால், குடி கூடினால், ஒரே வாரத்தில் துணியில் குறை அதிகமானால், தனியாகக் கூப்பிட்டு ‘ஏன் மீட்டர் குறையுது’ என்று ஆரம்பிக்காமல் ‘வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களாண்ணா’ என்று கேளுங்கள். 14416 அரசின் இலவச மனநல எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். அதைச் சுவரில் எழுதுவதைவிடக் கூலி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சுவரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வதை நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்படுவார்கள்.