அனுபவம் தேடுகிறீர்களா? தெருமுனை டியூட்டரிக்குப் போங்கள்

கேள்வி: எனக்கு 22 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். உயர்தரம் முடித்து, ஒரு வருட மென்பொருள் டிப்ளோமாவும் செய்துவிட்டேன். பைதன், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டும் ஓரளவு தெரியும். போன இரண்டு நேர்முகப் பரீட்சைகளிலும் "அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டே திருப்பி அனுப்பினார்கள். வேலை தந்தால்தானே அனுபவம் வரும்? நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. அந்தக் கேள்வியைப் பல வருடமாக மேசையின் மறுபக்கத்தில் இருந்து கேட்டுவருகிறவன் நான். கேட்கும்போது நான் அறிய விரும்புவது இதைத்தான்: நீங்கள் எழுதிய புரோகிராமை உங்களைத் தவிர இன்னொருவர் பாவித்திருக்கிறாரா? அது பிழைத்த நாளில் என்ன செய்தீர்கள்? இதற்குப் பதில் வைத்திருக்க நியமனக் கடிதம் தேவையில்லை, பாவிப்பவர் ஒருவர் இருந்தால் போதும்.

வானிலை காட்டும் செயலி, கல்குலேட்டர் போன்றவற்றை வகுப்பில் எல்லோரும் செய்கிறார்கள். கைப்பழக்கத்துக்கு அவை நல்லவைதான். ஆனால் அவற்றைப் பற்றிக் குறை சொல்ல யாரும் வரமாட்டார்கள். அதனால் அவை ஒரு கட்டத்துக்கு மேல் உங்களுக்கு எதையும் கற்றுத்தராது.

என்னுடைய முதல் அனுபவம் கொட்டாஞ்சேனையில் ஒரு டியூட்டரியில் கிடைத்தது. மாதக் கட்டணத்தை ஒரு பெரிய கொப்பியில் எழுதுவார்கள். பெயருக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டினால் சிவப்புப் பேனையால் சரி. இதற்குப் பதிலாக ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன் என்றேன், ஒரு வார இறுதியில் முடிக்கலாம் என்று நினைத்தேன். அலுவலகத்தில் இருந்த அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அண்ணனும் தங்கையும் படித்தால் ஒருவருக்குப் பாதிக் கட்டணம். வசதியில்லாத பிள்ளைக்கு ஃப்ரீ கார்ட். பாதியை இப்போதும் மீதியைச் சம்பள நாளிலும் தரும் பெற்றோர். இவை எதுவும் கொப்பியில் எழுதியிருக்கவில்லை, அக்காவின் தலைக்குள் இருந்தன. அதைக் கேட்டு வாங்குவதுதான் நம் தொழிலில் பாதி வேலை.

புரோகிராம் ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம் ஒரு தாய் பற்றுச்சீட்டோடு வந்து நின்றார். காசு கட்டிவிட்டார், ஆனால் கட்டவில்லை என்று அவருக்குச் செய்தி போயிருக்கிறது. மகளின் பெயர் கோபிகா என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரைத் தேடினால் வரவில்லை என்பதால், அக்கா அவளைப் புதிதாகச் சேர்த்துக் காசைப் பதிந்திருக்கிறார். பட்டியலில் இப்போது இரண்டு கோபிகா. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரவு வீட்டில் இரண்டின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்த்தால், ஒன்று ஆறு, மற்றது ஏழு!

கண்ணுக்கு அது மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோட் முறையில் க, ோ, ப, ி, க, ா என்று ஆறு குறிகள். ஆனால் அந்த 'ோ' குறியை ே, ா என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், கணினிக்கு அவை வேறு சொற்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்த பட்டியலை எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கியபோது பிரிந்த வடிவம் உள்ளே வந்திருந்தது. பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினேன், பிரச்சினை தீர்ந்தது. பைதனிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்கு நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் உண்டு, ஒரே வரி. அந்த ஒரு வரிக்காக இழந்த இரவையும், மறுநாள் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டதையும் இன்றுவரை மறக்கவில்லை. பிறகு வந்த நேர்முகப் பரீட்சையில் இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

உங்கள் தெருவிலும் டியூட்டரி, தையல் கடை, கோயில் அலுவலகம் என்று ஏதாவது இருக்கும். அவர்களின் கொப்பிக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுங்கள். கொப்பியை முதல் நாளே மூடச் சொல்லாதீர்கள். இரண்டு மாதமாவது கொப்பியும் புரோகிராமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும், மாத முடிவில் இரண்டின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்கள். தினமும் பேக்கப் எடுங்கள். எடுத்ததை ஒருமுறையாவது திருப்பிப் போட்டுப் பாருங்கள், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு குறிப்போடு பதிந்துவைக்கும் கிட்டை முதல் நாளிலிருந்தே பாவியுங்கள். "திருத்தம்" என்று மொட்டையாக எழுதாமல், "பாதிக் கட்டணம் கட்டியவர் நிலுவைப் பட்டியலில் வராத பிழை சரிசெய்யப்பட்டது" என்று எழுதுங்கள். அந்தப் பதிவுகளை இணையத்தில் வைக்கும் தளம் கிட்ஹப். நான் விண்ணப்பதாரரின் கிட்ஹப்பைத் திறந்தால் முதலில் வாசிப்பது அந்த வரிகளைத்தான். ஆனால் பிள்ளைகளின் உண்மைப் பெயரும் தொலைபேசி இலக்கமும் அங்கே போகவே கூடாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம்பிக்கைத் துரோகம். பொய்ப் பெயர்களில் மாதிரித் தரவு செய்து போடுங்கள்.

ஏஐயிடம் கேட்டு எழுதுவதில் தவறில்லை. உங்களால் வரிக்கு வரி விளக்க முடியாத புரோகிராமை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

இது ஓடத் தொடங்கிய பிறகு திறந்த மூலப் பக்கம், அதாவது யாரும் வாசித்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களின் பக்கம், வாருங்கள். நமக்கு அது அந்நியமான உலகம் அல்ல. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய, இங்குள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிய சஹானா என்ற மென்பொருள் பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் உதவியது. திறந்த மூல வேலையைப் பழக்கும் கூகுள் சமர் ஆஃப் கோட் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல வருடம் முன்வரிசையில் நின்றார்கள். 2022 முதல் அத்திட்டத்தில் சேர மாணவராக இருக்க வேண்டியதில்லை. 18 வயது நிறைந்த, திறந்த மூலத்துக்குப் புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எடுத்த எடுப்பில் கோட் அனுப்பாதீர்கள். யாரோ முறையிட்ட ஒரு பிழையை உங்கள் கணினியில் வரவைத்து, எந்தப் படியில் வருகிறது என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். அடுத்தவரின் புரோகிராமை வாசிக்க அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

டியூட்டரியைத் தேர்ந்தெடுத்தால் மாதத்தின் முதல் வாரத்தில் போங்கள், கட்டணம் சேர்வது அப்போதுதான். லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள்.