மனைவி எடின்பரோவில், குழந்தைகளோடு நான் லண்டனில்

கேள்வி: மனைவியின் அலுவலக வேலைக்காக லண்டன் வந்திருக்கிறோம். அடுத்த வாரம் அவர் மட்டும் ஐந்து நாள் எடின்பரோ போகிறார். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 2. இருவரையும் நான் ஒருவனாக வெளியே கூட்டிப்போக முடியுமா? ரயிலை நினைத்தால்தான் பயம்.
- கோவை வாசகர்

பதில்: தாராளமாக முடியும். ஒரு நாளைக்கு ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்கு மேல் கிளம்பி மதியம் இரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஒன்பதரைக்கு முன்பும், மாலை 4 முதல் 7 வரையும் ஆபீஸ் கூட்டம்; ஸ்ட்ரோலரை (குழந்தைத் தள்ளுவண்டியை) நுழைக்கவே இடம் கிடைக்காது.

உங்களுக்கு ரயிலைவிட பஸ்தான் நல்லது. ஏறும்போது வங்கிக் கார்டைக் கட்டணக் கருவியில் ஒரு தடவை தட்டினால் போதும். ரயிலில் என்றால் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் கூடுதல் பணம் பிடிப்பார்கள். உங்களோடு வரும் 11 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு பஸ்ஸிலும் டியூபிலும் (லண்டன் சுரங்க ரயில்) காசு இல்லை. இந்திய வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிக் கட்டும் வசதியும் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். மனைவி கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் இரண்டையும் திறந்து வையுங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டும்.

பஸ்ஸில் ஸ்ட்ரோலர் நிற்கும் இடம் முதலில் சக்கர நாற்காலியில் வருபவருக்கு உரியது. அவர் ஏறினால் நீங்கள் மடக்கித்தான் ஆக வேண்டும். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே கையால் மடக்க வருகிறதா என்று வீட்டிலேயே நாலைந்து தடவை பழகுங்கள். கைப்பிடியில் பை தொங்கவிடாதீர்கள். பை இருந்தால் மடக்க வராது. குழந்தையைத் தூக்கிய அடுத்த நொடி ஸ்ட்ரோலர் பின்பக்கமாகச் சாய்ந்து விழும். எல்லாம் முதுகுப் பையில் போகட்டும்.

டியூபில் போயே ஆக வேண்டுமென்றால் வரைபடத்தில் நீல வட்டத்துக்குள் வெள்ளைச் சக்கர நாற்காலி போட்ட நிலையங்களைப் பாருங்கள். அங்கே தெருவிலிருந்து ரயில் பெட்டி வரை படியே கிடையாது. ரஸ்ஸல் ஸ்கொயர் நிலையத்தில் லிப்ட் இருக்கிறதே என்று நம்பி இறங்கினால், அதைத் தாண்டியும் படிகள் வரும். மகளிடம் தினமும் சொல்லிவையுங்கள்: "அப்பா இறங்கி நீ ரயிலிலேயே இருந்துவிட்டால், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நில். நீ பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால், நகராதே, அப்பா திரும்பி வருவேன்." அவள் மணிக்கட்டில் உங்கள் எண்ணை பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். இந்திய எண்ணாக இருந்தால் முன்னால் +91 கட்டாயம். இல்லாவிட்டால் உதவ வருபவரால் உங்களை அழைக்க முடியாது.

முதல் நாள் கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் போங்கள். 1739-ல் தொடங்கிய ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் இருந்த இடம், இப்போது 7 ஏக்கர் விளையாட்டுத் திடல். குழந்தை இல்லாமல் பெரியவர்கள் உள்ளே வர முடியாது. ஒற்றை ஆளாக இரண்டு பேரைப் பார்த்துக்கொள்பவருக்கு இதைவிட நிம்மதியான இடம் லண்டனில் அபூர்வம். இன்னொரு நாள் சவுத் கென்சிங்டன் அறிவியல் அருங்காட்சியகம். 14, 74 எண் பஸ்கள் அருகே நிற்கும். அனுமதி இலவசம், இணையத்தில் நேரம் பதிந்துகொள்ளுங்கள். அடித்தளத்தில் 'தி கார்டன்' என்ற சிறுவர் பகுதியில் தண்ணீர் விளையாட்டு உண்டு. நனையாமல் யாரும் வெளியே வருவதில்லை. ஆளுக்கு ஒரு செட் உடை, சாக்ஸ் உட்பட, எடுத்துப் போங்கள். பக்கத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அசையும் டைனோசர் உறுமும். இரண்டு வயதுக்காரன் மிரளலாம். அவனுக்குக் கூரையில் தொங்கும் நீலத் திமிங்கில எலும்புக்கூடே போதும்.

கேள்வி: நடுவில் காய்ச்சல் வந்தால்?
- அதே வாசகர்

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மிகக் கவனம். நம் ஊர் பாராசிட்டமால் டிராப்ஸில் பொதுவாக 1 மில்லியில் 100 மி.கி. மருந்து. லண்டனில் சிறு குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கே 120 மி.கி.தான். சிரப் அளவு பழகிய கையால் டிராப்ஸை ஊற்றினால் மருந்து நாலு மடங்கு ஏறிவிடும். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். மருந்துக் கடையில் குழந்தையின் வயதையும் எடையையும் சொல்லி அளவு கேளுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் மருத்துவ ஆலோசனை எண் 111-ஐ அழையுங்கள்; மூச்சுத் திணறல், வலிப்பு என்றால் உடனே அவசர எண் 999.