பதினேழு இடங்களும் ஒரு சாலையும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு ஹவாயின் மாவி தீவுக்குப் போயிருந்தோம். எல்லோரும் சொல்கிறார்களே என்று ஹானா சாலைக்கு ஒரு நாளை ஒதுக்கினோம். விடிந்ததும் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பினோம். பட்டியலில் இருந்த பதினேழு இடங்களில் பாதியைக்கூடப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு வழியெல்லாம் வாந்தி. கடைசியில் ஹானாவில் பார்க்க ஒன்றுமே இல்லை. எண்பது சொச்சம் கிலோமீட்டர் சாலையை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

எஸ்., டல்லாஸ்

அன்புள்ள எஸ்.,

பிள்ளைகள் பாவம். 600 வளைவுகளுக்குமேல் உள்ள சாலையில் பெரியவர்களுக்கே குடல் புரளும். ஆனால் உங்கள் நாளைக் கெடுத்தது வளைவுகள் அல்ல, அந்தப் பட்டியல். பதினேழு இடத்தில் நிறுத்தி, இறங்கி, படம் எடுத்து, ஏறுவதென்றால் அது பயணமா, தபால் பட்டுவாடாவா?

சாலை தொடங்கும் ககுலுயி நகரிலிருந்து ஹானா வரை 59 பாலங்கள். அவற்றில் 46 ஒரு வண்டி மட்டுமே போகக்கூடியவை. ஏன் இத்தனை? வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து 3,055 மீட்டர் உயர ஹலேயாகலா எரிமலையின் சரிவில் மழையாகக் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் மலையை அரித்து ஓடை ஓடையாகக் கடலுக்கு இறங்குகிறது. ஒவ்வொரு ஓடைக்கும் சாலை மலைக்குள் மடங்கிப் போய், பாலத்தைக் கடந்து, மறுபடி கடலோரம் வருகிறது. 1926-இல் வண்டிகளுக்குத் திறந்தபோது இருந்த அதே போக்குதான் இன்றும்.

இந்தத் தண்ணீருக்கு ஒரு வழக்கு உண்டு. தீவின் நடுவிலுள்ள வறண்ட சமவெளியில் கரும்பு போட்டவர்கள் 1870-களிலேயே கால்வாய் வெட்டி, மலையைச் சுரங்கமாகக் குடைந்து, ஓடைகளை மேலேயே மறித்துக் கொண்டுபோனார்கள். கீழே பாலம் இருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்காது. ஓடையை நம்பிச் சேம்பு பயிரிட்ட ஹவாய்க் குடும்பங்கள் பல ஆண்டுகள் போராடின. 2016-இல் கடைசிக் கரும்பாலை மூடப்பட்டது. 2018-இல் மாநில நீர்வள ஆணையம் பல ஓடைகளுக்குத் தண்ணீரை முழுதாகத் திருப்பிவிட ஆணையிட்டது. அருவியைப் படம் எடுத்தீர்களே, அதன் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

பதினேழில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கேயனாய் என்பேன். சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும் முனை. உறைந்த எரிமலைக் குழம்பின்மேல் கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி வயலாக்கினார்கள் என்று ஊரார் சொல்வார்கள். நம் சேப்பங்கிழங்கின் உறவுதான் அங்கே விளைகிறது. ஆனால் நெல்வயல் மாதிரி வரப்பு கட்டி, தண்ணீரில் நிற்கிறது. அந்தத் தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரு மடையில் நுழைந்து அடுத்ததில் வெளியேறி, குளிர்ச்சியாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெதுவெதுப்பானால் கிழங்கு அழுகிவிடும். வரப்போரம் நின்று மடை வழியே தண்ணீர் இறங்குவதைப் பார்த்தால் அந்த வழக்கு முழுவதும் புரிந்துவிடும். வயலுக்குள் மட்டும் இறங்காதீர்கள், அது ஒருவருடைய சோறு. 1946-இல் ஆழிப்பேரலை இந்த ஊரை வழித்துக்கொண்டு போனது. கல்லால் கட்டிய தேவாலயம் மட்டும் நின்றது.

ஹானாவில் ஒன்றுமில்லைதான். அது ஆட்கள் குடியிருக்கும் சிற்றூர், நமக்காகக் கட்டிய கண்காட்சி அல்லவே. அதையும் தாண்டிக் கிப்பஹுலுவில் சார்லஸ் லிண்ட்பர்கின் கல்லறை இருக்கிறது. அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்தவர், 1974-இல் நோய் முற்றியதும் நியூயார்க் மருத்துவமனையை விட்டுவிட்டு, சாவதற்கென்றே இங்கே வந்து சேர்ந்தார்.

அடுத்த முறை ஹானாவில் ஓர் இரவு தங்குங்கள். ஹானாவுக்குப் பக்கத்திலுள்ள வயனாபனாபா பூங்காவின் கறுப்பு மணல் கடற்கரைக்கு வெளியூர்க்காரர்கள் முன்பதிவு செய்ய வேண்டும். பெட்ரோலைச் சாலையின் தொடக்கத்தில் வரும் பாயியா ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மலைமேல் மழை இருட்டினால் ஓடையில் இறங்க வேண்டாம், கீழே வெயில் அடித்தாலும் வெள்ளம் வந்துவிடும். பின்னால் உள்ளூர் வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். அவர் வேலைக்குப் போகிறார்.