நோட்டீஸ் அடியில் கிழிக்கும் துண்டு: வாசகர் கேள்வி-பதில்

டியூஷன் நோட்டீஸ் அடியில் போன் நம்பரோடு பத்துத் துண்டு வேண்டும். வேர்டில் எப்படிப் போடுவது? (திருநகர்)

முதலில் பேப்பர் சைஸ் ஏ4 தானா என்று பாருங்கள். பல கணினிகளில் லெட்டர் என்றே கிடக்கும். அது ஏ4-ஐவிட 18 மி.மீ. உயரம் குறைவு, பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு அதுதான் காரணம். இடது, வலது மார்ஜின் 0.5 செ.மீ. தாளின் அடியில் இருக்கும் ஃபுட்டர் பகுதிக்குள் போய் ஒரு வரிசை, பத்துப் பத்தி (நெடுக்குக் கட்டம்) கொண்ட டேபிள் போடுங்கள். பத்தி அகலம் 2 செ.மீ., வரிசை உயரம் 'எக்ஸாக்ட்லி' 5.5 செ.மீ. டேபிளை நடுவில் நிறுத்துங்கள். டேபிள் ஆப்ஷன்ஸில் உள்ளடக்கத்துக்கு ஏற்ப அகலத்தை மாற்றும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எழுத எழுத ஒரு கட்டம் ஊதி, மற்றவை ஒடுங்கும். பிறகு எல்லாக் கட்டத்தையும் தேர்ந்தெடுத்து, லேஅவுட்டில் டெக்ஸ்ட் டைரக்‌ஷன் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் எழுத்து கீழிருந்து மேலாக நிற்கும். குறுக்குக் கோடுகளை நீக்கி, நெடுக்கில் மட்டும் புள்ளிக்கோடு விட்டால் போதும்.

எழுதுவது முதல் கட்டத்தில் மட்டும். ஒரு தாள் அச்செடுத்து, அந்தத் தாளைப் பார்த்தே எண்ணை டயல் செய்யுங்கள். உங்கள் போன் அடித்தால்தான் மற்ற ஒன்பது கட்டத்துக்கும் நகல்.

ஃபுட்டரில் போட்டதெல்லாம் திரையில் மங்கலாகத் தெரிகிறது. அச்சிலும் அப்படித்தான் வருமா? (பழங்காநத்தம்)

வராது. நீங்கள் ஃபுட்டருக்கு வெளியே நிற்பதால் வேர்டு மங்கலாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஃபுட்டர் வேண்டாம் என்று தாளிலேயே டேபிள் போட்டேன். இரண்டாவதாக ஒரு வெற்றுத்தாள் வந்துகொண்டே இருக்கிறது. அழித்தாலும் போகவில்லை. (திருமங்கலம்)

டேபிளுக்குப் பின்னால் ஒரு வெற்றுப் பத்திக்குறியை (என்டர் தட்டினால் விழுமே, அது) வேர்டு கட்டாயம் வைத்திருக்கும். அதை அழிக்க முடியாது, சுருக்கலாம். கர்சரை அங்கே வைத்து எழுத்தளவு 1, வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' 1 பாயின்ட், முன்னும் பின்னும் இடைவெளி பூஜ்யம். வெற்றுத்தாள் போய்விடும்.

துண்டில் என்னென்ன எழுத வேண்டும்? என் நம்பர் மட்டும் போதாதா? (ஆனையூர்)

போதாது. கிழித்தவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்; இரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது அது பிளம்பர் நம்பரா, வீட்டு புரோக்கர் நம்பரா என்று எப்படித் தெரியும்? முதல் வரி எதற்கான எண் என்று: '10ஆம் வகுப்பு கணக்கு டியூஷன், ஆனையூர்'. அளவு 9 அல்லது 10. இரண்டாம் வரி எண், தடித்த எழுத்தில் 14. ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எண் இரண்டு வரியாக உடையாது.

டேபிள் சரியாக வரவில்லை. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எது சரியில்லை என்று எழுதலாம்.

பத்தாவது துண்டின் ஓரம் அச்சில் வெட்டுப்படுகிறது. (செல்லூர்)

வீட்டுப் பிரிண்டர்கள் தாளின் நான்கு ஓரத்திலும் 4, 5 மி.மீ. மை போடாது. பத்தி அகலத்தை 1.9 ஆக்குங்கள். அச்சிடும்போது 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம், 100 சதவீதத்தில் எடுங்கள். பேப்பர் சைஸ் ஏ4 தானா என்று மறுபடியும் பாருங்கள்.

போனிலேயே டிசைன் செய்து வாட்ஸ்அப்பில் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினேன். துண்டுகளில் எண்கள் மங்கல், 6 எது 8 எது என்று தெரியவில்லை. கடைக்காரர் மெஷினில் கோளாறு என்று நினைக்கிறேன். (மேலூர்)

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கடிதம் மட்டும் வராமல் இருப்பதில்லை. ஏ4 தாள் கூர்மையாக விழ, அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் சுமார் 2,500-க்கு 3,500 பிக்ஸல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நசுங்கி, நீளப்பக்கம் ஏறக்குறைய 1,600-க்கு இறங்கிவிடும். பாதிக்கும் குறைவு. தலைப்பு பெரிய எழுத்து, அதனால் தாங்கும். அடியில் இருக்கும் பொடி எழுத்துத்தான் அடி வாங்கும், நோட்டீஸின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. இதற்கும் மேலே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. பேட்டரி அளவும் நேரமும் சேர்ந்து அச்சாகும்.

சரி, வேர்டு ஃபைலாகவே கொடுத்துவிடுகிறேன் என்பீர்கள். அதிலும் வில்லங்கம் இருக்கிறது. வீட்டில் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். கடைக் கணினியில் பாமினி இல்லையென்றால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டும். நீங்கள் இப்போதைய பொது முறையான யூனிகோடில் அடித்து, கடைக்காரர் அதை பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகள். பிறகு அவர் அவசரத்தில் மறுபடி தட்டச்சு செய்வார், உங்கள் எண்ணில் ஒரு இலக்கம் மாறும், 200 தாள் வீண். திட்டு வாங்குவது கடைப் பையன்.

இத்தனைக்கும் ஒரே மருந்து பிடிஎஃப். வேர்டில் 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் தேர்ந்தெடுங்கள். கேன்வா என்றால் டவுன்லோடில் 'பிடிஎஃப் பிரின்ட்'. எழுத்துரு ஃபைலுக்குள்ளேயே போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கேலரி வழியாகப் போகாமல் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். கடையில் ஒரு தாள் மட்டும் எடுத்து, அதைப் பார்த்து டயல் செய்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள்.

வேர்டுக்குப் பதில் இலவச லிப்ரே ஆபிஸ் வைத்திருக்கிறேன். அதில் எழுத்தைத் திருப்ப முடியுமா? (உசிலம்பட்டி)

முடியும். டேபிள் பிராப்பர்ட்டீஸ், டெக்ஸ்ட் ஃப்ளோ, அதில் டெக்ஸ்ட் ஓரியன்டேஷன். கீழிருந்து மேல் போகும் தேர்வு 6.3 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. பழையது வைத்திருந்தால் புதுப்பியுங்கள்.

மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரில் இதற்கு ரெடிமேட் டெம்ப்ளேட் உண்டாமே? (அண்ணாநகர்)

உண்டு. ஆனால் 2026 அக்டோபருக்குப் பிறகு பப்ளிஷருக்கு ஆதரவு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. புதிதாகக் கற்பதென்றால் வேர்டு டேபிளைக் கற்றுக்கொள்ளுங்கள்.

துண்டில் க்யூஆர் கோடு போடலாமா? (நாகமலை)

போடலாம், பக்கம் 16 மி.மீ.க்குக் குறையாமல். வாட்ஸ்அப் குறுஇணைப்பு என்றால் எண்ணுக்கு முன்னால் 91 சேருங்கள். கூட்டல் குறியோ பூஜ்யமோ கூடாது. இணைப்பு குட்டையாக இருந்தால் கட்டங்கள் 25-க்கு 25 அளவில் நின்றுவிடும், சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டாலும் ஒரு கட்டம் அரை மி.மீ. கிடைக்கும். நீளமான இணைப்பு என்றால் கட்டங்கள் பொடியாகி, மங்கலான ஜெராக்ஸில் ஸ்கேன் ஆகாது. தங்கள் தளம் வழியாகச் சுற்றிப் போகும் கோடை 'டைனமிக்' என்று சொல்லி இலவசமாகத் தரும் தளங்கள் வேண்டாம். சில வாரத்தில் காசு கேட்கும், கட்டாவிட்டால் ஒட்டிய நோட்டீஸ் எல்லாம் செத்துவிடும். கோடு இருந்தாலும் எண்ணை எழுத்தில் போடுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவரும் பிள்ளைக்கு டியூஷன் தேடுவார்.

300 நோட்டீஸ். கத்தரிக்கோலால் வெட்டி மாளவில்லை. பைண்டிங் கடை கட்டிங் மெஷினில் கொடுக்கலாமா? (சிம்மக்கல்)

கொடுக்காதீர்கள். அந்தக் கத்தி இறங்கினால் தாளின் முழு நீளத்தையும் வெட்டிவிடும், நடுவில் நிறுத்த முடியாது. எட்டுப் பத்துத் தாளைத் தட்டிச் சேர்த்து மேல்பக்கம் கிளிப் போட்டு, ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் வைத்து வெட்டுங்கள். துண்டின் தலைப்பகுதிக்கு 3 மி.மீ. முன்பே நிறுத்துங்கள், முழுக்க வெட்டினால் ஆடிக் காற்றில் ஒன்றும் மிஞ்சாது. தாளின் கனம் 70 அல்லது 80 ஜிஎஸ்எம். வழவழப்பான கனத்த தாள் நேராகக் கிழியாது. கலர் வேண்டுமென்றால் மஞ்சள் தாளில் கறுப்பு ஜெராக்ஸ் எடுங்கள், செலவு குறைவு, எண் பளிச்சென்று தெரியும். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்து வெளியே ஒட்டினால் முதல் தூறலுக்கே மை ஓடிவிடும்.

மகள் வீட்டில் தையல் வகுப்பு எடுக்கிறாள். நம்பரைப் பொது இடத்தில் போடப் பயமாக இருக்கிறது. (விளாங்குடி)

பயம் நியாயமானது. இதற்கென்று தனி சிம் வாங்குங்கள். துண்டில் மகள் பெயரோ கதவு எண்ணோ வேண்டாம். வகுப்பு, பகுதி, எண் போதும். அழைக்க வேண்டிய நேரத்தையும் போடுங்கள். 'அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பரைப் போடுங்கள்' என்று ஒருவன் பேசினால் துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

எங்கே ஒட்டினால் பலன்? மாட்டுத்தாவணி சுவர்கள் சரியா? (ஒத்தக்கடை)

அனுமதி இல்லாத சுவரிலும் கம்பத்திலும் ஒட்டாதீர்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959-லிருந்தே இருக்கிறது, நோட்டீஸில் உங்கள் நம்பரும் இருக்கிறது. மளிகைக் கடை, டீக்கடை, ஜெராக்ஸ் கடை, ஹாஸ்டல் போர்டு என்று கேட்டு ஒட்டுங்கள். துண்டுகள் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். டேப் மேல் இரண்டு மூலையிலும் பக்கவாட்டிலும் மட்டும், துண்டின் மேல் படக்கூடாது. ஒட்டியதும் நீங்களே ஒரு துண்டைக் கிழித்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாகக் கிழிக்கப் பலரும் கூச்சப்படுவார்கள். கிழித்த துண்டை அப்படியே வீசாமல், அதைப் பார்த்து ஒருமுறை டயல் செய்துவிடுங்கள்.