வினையிலிருந்து பெயர்: எந்த விகுதி எங்கே சேரும்?

ஆங்கில வினைச்சொல்லையும் பெயரடையையும் பெயர்ச்சொல்லாக மாற்றும்போது எந்த விகுதியைச் சேர்ப்பது என்று தடுமாறுவதாகவும், பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்டு. விகுதிப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, மூலச்சொல்லின் ஈற்றைப் பார்த்துச் சொற்களைக் குடும்பம் குடும்பமாகப் படியுங்கள். ‘டிசைட்’ ‘டிசிஷன்’ ஆவதைப் போலவே ‘டிவைட்’ ‘டிவிஷன்’ ஆகிறது. பெர்மிட், அட்மிட், சப்மிட் ஆகியவை பெர்மிஷன், அட்மிஷன், சப்மிஷன் என்றும், டிசீவ், பெர்சீவ் ஆகியவை டிசெப்ஷன், பெர்செப்ஷன் என்றும் மாறுகின்றன. இலத்தீனில் ‘அனுப்பு’ என்று பொருள்படும் ‘மித்தெரே’ என்னும் வினை, எச்ச வடிவில் ‘மிஸ்ஸுஸ்’ எனத் திரியும். ஆங்கில வினைகள் முதல் வடிவத்தின் வழியாகவும் பெயர்கள் இரண்டாம் வடிவத்தின் வழியாகவும் வந்தமையால், அந்தப் பழைய திரிபு இன்றும் இச்சொற்களில் தங்கியிருக்கிறது.

அரைவல், ரெஃப்யூசல், அப்ரூவல் போன்றவற்றில் வரும் ‘அல்’ விகுதி, பெரும்பாலும் கடைசி அசையில் அழுத்தம் பெறும் வினைகளையே நாடும். ‘மெண்ட்’ விகுதி பொதுவாக மூலச்சொல்லைச் சிதைப்பதில்லை. ‘ஆர்க்யூ’ என்பதன் ஈற்றிலுள்ள ‘இ’ எழுத்து ‘ஆர்க்யூமெண்ட்’டில் உதிர்வது மட்டும் பலரை ஏமாற்றும்.

பெயரடைகளில் ‘நெஸ்’, ‘இட்டி’ ஆகிய இரண்டுக்கும் இடையில்தான் குழப்பம் மிகுதி. ‘நெஸ்’ ஆங்கிலத்தின் சொந்த விகுதி. கைண்ட்னெஸ், டார்க்னெஸ் என எளிய சொற்களோடு அழுத்தத்தை இடம் மாற்றாமல் சேரும். ‘இட்டி’ இலத்தீன் வழி வந்தது. பாசிபிள், ஏபிள் போன்ற சொற்கள் பாசிபிலிட்டி, எபிலிட்டி ஆவதைப் போல, மூலத்தின் ஒலியையும் அழுத்தத்தையும் மாற்றிவிடும். விட்த், லெங்த், டெப்த் ஆகியவை சிறு கூட்டம் என்பதால் அப்படியே நினைவில் கொள்ளலாம். அதே பழக்கத்தில் ‘ஹைட்’ என்பதை ‘ஹைட்த்’ என்று எழுதுவது பிழை.

விகுதியைச் சரியாகச் சேர்த்த பிறகும் தவறு நேரும் இடம் ஒன்று உண்டு; அதை இலக்கணக் கையேடுகள் போதிய அளவு வலியுறுத்துவதில்லை என்பது என் கருத்து. வினை பெயரானதும் அதைச் சுற்றியுள்ள சொற்களும் மாற வேண்டும். ‘ஹீ டிசைடட் க்விக்லி’ என்பதைப் பெயராக்கினால் ‘ஹிஸ் டிசிஷன் வாஸ் க்விக்’ என்றாகும், வினையடை பெயரடையாகிவிடுகிறது. ‘ஷீ அட்மயர்ஸ் ஹிம்’ என்பதில் முன்னிடைச்சொல் இல்லை. ‘ஹர் அட்மிரேஷன் ஃபார் ஹிம்’ என்னும்போது ‘ஃபார்’ தேவைப்படுகிறது. ‘டிஸ்கஷன்’ என்ற பெயர் ‘அபௌட்’டை ஏற்கும், ‘டிஸ்கஸ்’ என்ற வினை ஏற்காது. நம்மில் பலர் எழுதும் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்ற பிழைக்கு இந்தப் பெயரின் சாயலும் ஒரு காரணம். ஆகவே பெயர்ச்சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது, அதனோடு வரும் முன்னிடைச்சொல்லையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.