அல்ட்ராசானிக் தொட்டியில் அழுக்குப் போகவில்லை, அடித்தகடும் அரிக்கிறது: ஏன்?

யாங்கோனில் சிறிய நகைப்பட்டறை, ஒலி அதிர்வால் நகையைக் கழுவும் 40 கிலோஹெர்ட்ஸ் தொட்டி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரிப்புக்கு முதல் சந்தேகம், நகையை நேரே தகட்டின் மேல் போடுவது. அதிர்வு தரும் உறுப்புகள் தகட்டின் அடியில்தான் ஒட்டியிருக்கின்றன, அதனால் நகை தகட்டில் உரசும். கூடையில் வையுங்கள், அல்லது கம்பியில் தொங்கவிடுங்கள். ப்ளீச்சும் ஆசிடும் ஸ்டீலைத் தின்றுவிடும். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள், தீப்பிடிக்கும்.

அழுக்குப் போகாததற்குப் பெரும்பாலும் புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றே காரணம். சோப்புக் கரைசல் ஊற்றி, நகை இல்லாமல் 10 நிமிடம் ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சூடு 50–60 டிகிரி போதும். அதற்கும் சரிவராவிட்டால் ஓடும் தொட்டித் தண்ணீருக்குள் அலுமினியத் தாளை நட்டுக்குத்தலாக ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். எங்கும் சீராக ஓட்டை விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அப்படியே இருந்தால், அங்கே அடியில் அதிர்வு உறுப்பு கழன்றிருக்கலாம். தாளை இடுக்கியால் பிடியுங்கள். ஓடும் தொட்டிக்குள் விரல் விடக்கூடாது.

தண்ணீர் குறியளவுக்குக் கீழே இறங்கினால் ஹீட்டர் கருகும். கரண்டு போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஜெனரேட்டர் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது தொட்டியின் சர்க்யூட் போர்டு போகும். எர்த் இல்லாத பிளக்கில் மாட்டவே வேண்டாம். தண்ணீரை மாற்றும்போதும் பிளக் வெளியே இருக்கட்டும்.

கல் விஷயத்தில்தான் நம் ஊரில் அதிக நஷ்டம். மியான்மரின் ஷான் மாநிலத்து மோங்சுவில் கிடைக்கும் கெம்பில் சூடுபோட்டது ஏராளம், வெடிப்புக்குள் கண்ணாடி நிறைந்திருக்கும். பிசின் ஏற்றிய ஜேடும் அப்படித்தான். இவற்றையும் முத்து, பவளம், மரகதத்தையும் தொட்டியில் போடாமல் மென்மையான பிரஷ்ஷால் கையில் கழுவுங்கள்.