ஆஸ்பத்திரிச் சீட்டில் முதலில் என்ன எழுதினார்கள்? விபத்து நஷ்டஈடு: கேள்வி பதில்

ராமநாதபுரம் நீதிமன்றத்தில் எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் நான். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, அந்தப் பக்கம் தனுஷ்கோடி வரை யார் வேண்டுமானாலும் கேளுங்கள். விபத்து சம்பந்தமாக மட்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த காயச் சீட்டு கையில் இருந்தால் அதில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

கீழக்கரை (இப்போது கலிபோர்னியாவில்): அக்கா, ஊரில் வாப்பாவின் காரை ஈசிஆரில் பின்னாலிருந்து ஒரு கார் இடித்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. இங்கே என்றால் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 12,500 டாலர் வரை வக்கீல் இல்லாமல் நாமே கேட்கலாம். நம்ம ஊரில் அப்படி ஒன்று உண்டா?

பதில்: இல்லை தம்பி. வண்டி சேதம் மட்டும் என்றால் இரண்டு வழி. வாப்பாவிடம் முழு இன்சூரன்ஸ் இருந்தால் அவருடைய கம்பெனியிலேயே கிளைம் போடுவதுதான் சீக்கிரம் முடியும். அவர்கள் இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கட்டணத்தைக் கணக்கிடுவது நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்து. 5 லட்சம் வரை ஒன்றும் கட்ட வேண்டாம். வக்கீல் இல்லாமல் வாப்பாவே பேசலாம். நீங்கள் கேட்டதற்கு நெருக்கமானது அதுதான். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான் என்றால், இடித்த காரின் இன்சூரன்ஸ் கம்பெனிமேல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும். காருக்கான பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்குப் பொதுவாக 7.5 லட்சம் வரை காப்பு இருக்கும்.

தங்கச்சிமடம்: என் தம்பி விசைப்படகில் கூலிக்குப் போகிறவன், வயது 28. உச்சிப்புளி தாண்டி ராத்திரி பைக்கில் வரும்போது சுற்றுலா வேன் இடித்துக் கால் எலும்பு முறிந்துவிட்டது. வேன் நம்பர் இருக்கிறது. ஆனால் பெரியாஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகலில்) 'பைக்கில் இருந்து தானாக விழுந்ததாக' எழுதியிருக்கிறார்கள். கேஸ் நிற்குமா?

பதில்: நிற்கவைக்கலாம், ஆனால் வேலை இருக்கிறது. இந்தக் கடற்கரையில் என்னிடம் வரும் கேஸ்களைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். அடிபட்டவன் மயக்கத்தில் இருப்பான். கூட வந்தவர் போலீஸ் கேஸ் வேண்டாம் என்று பயந்தோ, பதற்றத்திலோ "விழுந்துட்டான் சார்" என்பார். டூட்டி டாக்டர் அதை எழுதிவிடுவார். இரண்டு வருடம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து முதலில் படிப்பது அதைத்தான். அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன்: யாரைக் கொண்டுபோனாலும் 'இன்ன வண்டி, இன்ன இடம், இத்தனை மணிக்கு இடித்தது' என்று சொல்லுங்கள். நம்பர் தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாத வேன்' என்றாவது எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சொன்னவர் யார் என்பதும் அந்தச் சீட்டில் இருக்கும், பாருங்கள். தம்பி சொல்லவில்லை, கூட வந்த வேறு யாரோ சொன்னார் என்றால் பாதி பாரம் குறையும். எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா? இல்லையென்றால் தாமதத்துக்குக் காரணத்தைச் சொல்லி இன்றே புகார் கொடுங்கள். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டு வண்டியையும் பார்க்கும்வரை பைக்கை ரிப்பேர் செய்யக் கூடாது. பைக்கின் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, வேனின் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்பது நாலு சாட்சிக்குச் சமம். பெட்ரோல் பங்க் கேமராவில் பதிவு ரொம்ப நாள் இருக்காது. அதையும் இன்றே கேளுங்கள்.

அடுத்தது வருமானம். கடல் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது வருமானமே இல்லை என்று எதிர்த்தரப்பு கழிக்கப் பார்க்கும். மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, பங்கு பிரித்த கணக்கு நோட்டு, படகு உரிமையாளரின் நேரடிச் சாட்சியம், எல்லாவற்றையும் சேருங்கள். கணக்கு எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்றால், 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழிலாளிக்கு எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000. வருடத்துக்கு 2,52,000. இதை வயதைப் பொறுத்து ஒரு எண்ணால் பெருக்குவார்கள், 28 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 17. ஆக 42,84,000. உழைக்கும் திறனில் 30 சதவீதம் போனது என்று முடிவானால் 12,85,200. வைத்தியச் செலவு, வலி வேதனை, படுத்திருந்த மாதங்களின் கூலி எல்லாம் தனி.

அந்த 30 சதவீதம் மருத்துவச் சான்றில் உள்ள எண்ணாகவே இருக்க வேண்டியதில்லை. ராஜ்குமார் வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: உடலில் எவ்வளவு ஊனம் என்பது வேறு, அதனால் பிழைப்பில் எவ்வளவு இழப்பு என்பது வேறு. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கால் மடங்காததும், ஆடுகிற படகில் நின்று வலை இழுப்பவனுக்குக் கால் மடங்காததும் ஒன்றா? இதைச் சாட்சிக் கூண்டில் தம்பியே தன் வாயால் சொல்ல வேண்டும்.

தொண்டி: விபத்து நடந்து எட்டு மாதம் ஆகிறது. இனிப் போட முடியாது என்கிறார்களே?

பதில்: 1.4.2022 முதல் ஆறு மாதக் கெடு இருப்பது உண்மை. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன. அதனால் கைவிட்டுவிடாதீர்கள், தாமதத்துக்கான காரணத்தோடு இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள்.

மண்டபம்: வக்கீலம்மா, எங்க அம்மா மீன் விற்பவர். விடியற்காலையில் ஒன்பது பெண்கள் ஆளுக்கொரு கூடையோடு குட்டியானைச் சரக்கு வண்டியின் பின்னால் ஏறி ராமநாதபுரம் போகும்போது வண்டி கவிழ்ந்து அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. சரக்கு வண்டியில் ஆள் ஏறினால் இன்சூரன்ஸ் இல்லை என்கிறார்கள். தலைக்கு 30 ரூபாய் கொடுத்துத்தான் போனார்கள்.

பதில்: சும்மா ஏறிய பயணிக்கு இல்லை என்பது சரி, உச்ச நீதிமன்றத்தில் ஆஷா ராணி வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். ஆனால் 1994-ல் சட்டத்தைத் திருத்தி, வண்டியில் போகும் சரக்கின் உரிமையாளரையும் அவருடைய பிரதிநிதியையும் காப்புக்குள் கொண்டுவந்தார்கள். அம்மா தன் சரக்கோடு போனவர். அன்று காலை ஏலம் எடுத்த சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பரமக்குடி (ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர்): மேடம், நம்பிக்கை கொடுப்பது நல்லதுதான். ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். சொல்லேட்டி பாரதம்மா வழக்கில் சரக்கு உரிமையாளர் டிரைவர் கேபினில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பின்னால் ஒன்பது பேர், ஆளுக்கொரு கூடை. இதைச் சரக்கு வண்டி என்றா சொல்வது? தலைக்கு 30 ரூபாய் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

பதில்: தீர்ப்பை மறுக்கவில்லை சார். பெயருக்குக் கொஞ்சம் சரக்கை வைத்துக்கொண்டு கூட்டமாக ஆள் ஏற்றுவதைத்தான் அதில் கண்டித்தார்கள். இங்கே அந்த மீன்தான் பயணத்துக்கே காரணம். கூடை இல்லாவிட்டால் அந்த அம்மா அந்த நேரத்தில் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார். 30 ரூபாய் ஆளுக்கா, கூடைக்கா என்பது சாட்சியத்தில் முடிவாக வேண்டிய விஷயம்.

பாம்பன்: சர்வேயர் ஐயாவுக்கு: பஸ்ஸில் கூடையை ஏற்றினால் நாற்றம் என்று இறக்கிவிடுகிறார்கள். எங்கள் பெண்கள் வேறு எதில் போவார்கள்?

பரமக்குடி: அது அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய கேள்வி தம்பி. பாலிசியில் எழுதாத ஆபத்துக்குக் கம்பெனி எப்படிப் பணம் கொடுக்கும்?

பதில்: பாம்பன் தம்பி கேட்பது நியாயம். சர்வேயர் சார் சொல்வதும் சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் சார், நீங்களும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2017-ல் மனுவாரா காத்தூன் வழக்கு. இலவசப் பயணிகளாகப் போனவர்கள் என்று தெரிந்தும், 'கம்பெனி முதலில் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்' என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மண்டபத்து அம்மாவுக்கு முதல் வாதம் சரக்கு உரிமையாளர் என்பது. அது தோற்றால் இரண்டாவது இது. மனுவிலேயே இரண்டையும் எழுத வேண்டும். மேல்முறையீட்டில் யோசிக்கலாம் என்று விடக் கூடாது.

தேவிபட்டினம்: கார்க்காரர் நல்லவர், 20,000 கொடுத்துவிட்டார். ஏ.ஆர்.-இல் தானாக விழுந்ததாகச் சொன்னோம். இப்போது ஆபரேஷன் என்கிறார்கள்...

பதில்: தங்கச்சிமடம் பதிலை இரண்டு தடவை படியுங்கள். படித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

சாயல்குடி: மேடம், எத்தனை மாதத்துக்குள் போட வேண்டும்?

பதில்: தொண்டிக்குச் சொன்னதுதான்.

ஏர்வாடி: இடித்த லாரி நிற்காமல் போய்விட்டது. நம்பர் இல்லை. மாமா இறந்துவிட்டார்.

பதில்: வருத்தமாக இருக்கிறது. அடையாளம் தெரியாத வண்டி என்றால் அரசுத் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. வருவாய்த் துறையில் விசாரணை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசு விவரம் தேவை. ஆனால் அவசரப்பட்டு இதோடு நின்றுவிடாதீர்கள். உப்பு லாரியா, மீன் லாரியா என்று பார்த்தவர் இருந்தால் போலீஸ் வண்டியைத் தேடட்டும். கிடைத்தால் தொகை பல மடங்கு வித்தியாசப்படும்.

ராமேஸ்வரம்: கடலில் இரண்டு படகு மோதியதற்கு எம்.சி.ஓ.பி. போடலாமா?

பதில்: முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் கரையோடு சரி. மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

திருப்புல்லாணி: ஆஸ்பத்திரிக்கே ஒருவர் வந்து வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் போனார். கிடைப்பதில் 30 சதவீதம் கேட்கிறார்.

பதில்: கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞருக்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது, புரோக்கருக்கு எந்த உரிமையும் கிடையாது. அந்தத் தாளைத் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் எழுத்துமூலம் போலீஸில் புகார் கொடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைமேல் அப்பீல் கிடையாது, அதனால் கணக்கைக் கையில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பெரியபட்டினம்: ஏ.ஆர். காப்பி என்றால் என்ன? எங்கே கிடைக்கும்?

பதில்: முதலில் சிகிச்சைக்குச் சேர்த்த ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல். அங்கேயே எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். இனி ஏ.ஆர். பற்றிய கேள்விகளுக்கு மேலே உள்ள பதில்தான்.

மண்டபம்: வக்கீலம்மா, ஏலச் சீட்டு அம்மா சேலையில் முடிந்து வைத்திருந்தது, ரத்தத்தில் நனைந்து கிழிந்துபோச்சு. ஏலக்காரர் நோட்டில் அன்றைக்கு அம்மா பேரும் எடையும் இருக்கிறது.

பதில்: நோட்டு போதும். அந்தப் பக்கத்தை இப்போதே படம் எடுங்கள், ஏலக்காரர் நோட்டை எங்கும் தொலைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவர் சாட்சி சொல்ல வருவாரா என்று கேளுங்கள். கிழிந்த சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். டிரைவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூன்று பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். பின்னால் இருந்த மற்ற எட்டுப் பெண்களில் காயம்பட்டவர்கள் யாரும் தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் முன் உங்களோடு சேர்ந்து வரச் சொல்லுங்கள்.